அந்தப் பக்கம் ஒரு வண்டிக்கு இடம்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் வண்டிக் கண்ணாடியில் ஊர்ப் பெயர்களும், கையெழுத்துப் போடச் சொன்ன இடங்களில் என் பெயரும்தான். ல, ள, ழ மூன்றும் என் காதுக்கு ஒன்றுதான். மகள் சிவப்புப் பேனாவால் திருத்தித் தந்திருக்கிறாள். அதையும் தாண்டித் தப்பு இருந்தால் அது என்னுடையது.

இதை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் டிரைவர்களுக்கு ஒரு கூட்டம் போட்டார்கள். நாற்காலி, குடை, மைக் எல்லாம் இருந்தது. "அன்னைக்கி கேட்ல நடந்தத நீயே சொல்லுண்ணா" என்று மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் "வணக்கம்" என்றேன். என் குரல் ஸ்பீக்கரில் எனக்கே திரும்பிக் கேட்டதும் மைக்கை வைத்துவிட்டு டீக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அவ்வளவுதான் என் பேச்சு. அதனால் எழுதுகிறேன்.

நான் தாம்பரத்தில் நாலு சக்கர ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து இறங்கி, ரயில்வே கேட்டைத் தாண்டி, உள்ளே இருக்கிற நகர்களுக்குப் போய்த் திரும்புவது என் வேலை. ஒரு நாளைக்கு அந்தக் கேட்டை எத்தனை தடவை தாண்டுவேன் என்று கணக்கு வைத்ததில்லை. ஆனால் எனக்குப் பேச்சு வராது. சில்லறை கேட்பதற்கே உள்ளங்கையைத்தான் நீட்டுவேன். அதனால் தினமும் என் வண்டியில் வரும் மீன்கார அக்கா எனக்கு ஊமையன் என்று பெயர் வைத்திருந்தார்.

அவர் கோவளத்திலிருந்து விடிகாலைப் பஸ்ஸில் வண்டலூர் வந்து, அங்கிருந்து என் வண்டிக்கு வருவார். பெரிய அலுமினிய அன்னக்கூடை நிறைய மீன். அதைப் பின்சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வண்டி கிளம்பியதிலிருந்து இறங்குகிற வரைக்கும் பேசுவார். "இன்னாபா ஊமையா, வூட்லயாச்சும் பேசுவியா, இல்ல அங்கயும் ஆரன்தானா?" என்பார். வண்டியே சிரிக்கும். நானும் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அவர் பேசினால் நான் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

எங்கள் பக்கத்துக் கேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேட் மூடியிருக்கும்போது வண்டிகள் வரிசையில் நிற்காது. பைக்குகள் வலதுபக்கமும் நிரம்பிவிடும். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமும் அதே கதை. கேட் தூக்கியதும் இரண்டு கூட்டமும் நேருக்கு நேர் மோதி நடுவில் சிக்கிக்கொள்ளும். நடுவில் என்றால் தண்டவாளத்தின் மேலே. அதனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அந்தப் பக்கத்துக் கேட்டுக்கு வெளியே என் வண்டி நிற்கிற அளவுக்கு இடம் காலியாகத் தெரிந்தால்தான் நான் தண்டவாளத்தில் ஏறுவேன். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் பயந்தவன், அவ்வளவுதான்.

இந்தப் பழக்கத்துக்காக நான் வாங்கிய திட்டு கொஞ்சமில்லை. பின்னால் ஆரன் அடித்தே காதைக் கிழிப்பார்கள். பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்து, "யோவ், வூட்ல சொல்லிகினு வந்தியா?" என்பார்கள். என்னோடு ஓட்டுகிறவர்களே, "மச்சான், ரோட்ட உன் பேர்ல எழுதிகினியா?" என்று கேட்டுவிட்டு இடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். காது மட்டும் சூடாகும்.

அந்தக் காலை ஏழரை மணி இருக்கும். வண்டியில் ஏழு பேர். பின்னால் மீன்கார அக்கா. அவருக்குப் பக்கத்தில் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற செக்யூரிட்டி சார். எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகிற பெண்கள் மூன்று பேர். முன்சீட்டில் என் பக்கத்தில் ஓர் அம்மா, மடியில் இரண்டு வயதுக் குழந்தை. குழந்தைக்குக் காய்ச்சல், கிளினிக்குக்குப் போகிறார்கள்.

கேட் தூக்கினார்கள். வழக்கம்போல எதிர்ப்பக்கம் இடம் இல்லை. நான் நின்றேன். பின்னால் ஆரன் ஆரம்பித்தது. ஒரு பைக்காரர் என் ஜன்னலைத் தட்டி, "டிரைவரா நீ? எறங்கி அந்தப் பொம்பளகிட்ட ஸ்டேரிங்க குடு" என்று முன்சீட்டு அம்மாவைக் காட்டினார். பின்னால் இருந்த பெண்களில் ஒருத்தி சிரித்தாள். அவள் எதற்குச் சிரித்தாளோ தெரியாது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனையோ வருஷம் தாங்கியதை அன்று தாங்க முடியவில்லை. கியரைப் போட்டு ஏறிவிட்டேன்.

அது முதல் தப்பு. இரண்டாவது தப்பு காலையிலேயே செய்திருந்தேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிறதுதான். டீசல் முள் சிவப்பில் படுத்திருக்கும்போதே வண்டியை எடுப்போம். முதல் ட்ரிப் முடித்துவிட்டுத்தான் டீசல் போடுவோம். சமமான ரோட்டில் அது ஓடிவிடும். ஆனால் அந்தக் கேட்டில் தண்டவாளம் மேடு. ஏறுகிற வண்டிக்கு மூக்கு மேலே தூக்கி நிற்கும். முன்னால் பைக்குகள் அடைத்துக்கொண்டதால், முன்சக்கரம் கடைசித் தண்டவாளத்தை ஒட்டி இருக்க, அந்தச் சரிவிலேயே நிற்க வேண்டியதாகிவிட்டது. டேங்கில் இருந்த கொஞ்ச டீசலும் பின்பக்கமாக ஒதுங்கியது. குழாய் காற்றை இழுத்தது. இன்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது.

சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். டீசல் வண்டிக்குள் காற்று போனால் எத்தனை தடவை திருப்பினாலும் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாம் தடவை திருப்பினேன். அதற்குள் முன்னால் இருந்த பைக்குகள் ஒவ்வொன்றாக ஒதுங்கிப் போய்விட்டன. பின்னால் இருந்தவர்களும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தண்டவாளத்தின் மேல் நாங்கள் மட்டும் நின்றோம். அப்போது மணி அடிக்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கேட் இறங்கியது.

"தள்ளிடலாம்பா, இரு" என்று செக்யூரிட்டி சார் கதவைத் திறந்தார். வெளியே கேட்டுக்கு அடியில் குனிந்து வந்த இரண்டு பேர், "ப்ரோ, நியூட்ரல்ல போடு, தள்றோம்" என்று பின்னால் கையை வைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நின்ற வண்டியைப் பார்த்தால் தள்ளாமல் இருக்க முடியாது. நானும் அப்படித்தான். ஒரு நொடி நியூட்ரல் போட்டேன்.

அந்த ஒரு நொடியில் எதிரே பார்த்தேன். கேட் கீப்பர் இருக்கிற கேபின் எனக்கு வலதுபக்கம், கேட்டுக்கு வெளியே இருக்கிறது. அதற்கும் எனக்கும் நடுவில் மெத்தை ஏற்றிய லாரி ஒன்று மூக்கைக் கேட்டில் வைத்து நின்றது. வானம் தெரியாத அளவுக்கு மெத்தை. என்னால் கேபினைப் பார்க்க முடியவில்லை. அப்படியென்றால் கேபினிலிருந்து என்னையும் பார்க்க முடியாது.

கேட்டை மூடிப் பூட்டினால்தான் ரயிலுக்குப் பச்சை விழும் என்பது அங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்தப் பூட்டு இன்னும் விழவில்லை என்று நம்பினேன். விழுந்துவிட்டால் வண்டியில் இருக்கிற ஏழு பேரும், தள்ளுகிற இரண்டு பேரும், நானும்.

"எல்லாரும் எறங்குங்க" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் அப்படி. குழந்தையை நானே வாங்கி, அந்த அம்மாவை முதலில் இறக்கி, குழந்தையைக் கையில் கொடுத்தேன். பெண்கள் மூன்று பேரும் அதைப் பார்த்து இறங்கினார்கள். தள்ளுகிறவர்கள் கையைப் பிடித்து இழுத்து, "வேணாம், வெளிய போங்க" என்றேன். "ஒரே தள்ளுதாண்ணா" என்றார்கள். செக்யூரிட்டி சார் தோளால் முட்டிக்கொண்டிருந்தார். வண்டி அசையவில்லை. மேட்டில், மீன் பாரத்தோடு, எப்படி அசையும்?

மீன்கார அக்கா சீட்டில் உட்கார்ந்தபடியே பின்பக்கம் திரும்பி அன்னக்கூடையை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, எறங்குங்க."

"இருபா, கூடய எட்துகினு எறங்குறேன். சீலா மீனு கீது. வுட்டுட்டு வர்றதுக்கு இன்னா, உங்கப்பன் வூட்டு மீனா?"

அப்போதுதான் அது நடந்தது. என் வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அது என்னுடையது என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆனது.

"மீனு செத்துட்ச்சி. நீ சாவாத. எறங்குடி."

அவர் அப்படியே இறங்கினார். கூடை வண்டியிலேயே இருந்தது. தள்ளிக்கொண்டிருந்த மூன்று பேரும் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "வெளிய போங்க எல்லாரும். வண்டி போனா போவுது" என்று அதே குரலில் சொன்னேன். போனார்கள். அந்த வண்டிதான் என் வீட்டின் சோறு. அந்த வார்த்தையைச் சொல்லும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. வந்தும் சொன்னேன்.

பிறகு கேட்டுக்கு அடியில் குனிந்து, லாரியைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். ஓடும்போதே கத்தினேன்.

"அம்மா, பூட்டாதீங்க. உள்ள வண்டி நிக்குது. பூட்டாதீங்க."

கேட் கீப்பர் ஒரு பெண். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றுதான் பார்த்தேன். அவர் கை பூட்டுகிற கைப்பிடியின் மேல் இருந்தது. என் குரல் கேட்டுக் கையை எடுத்துவிட்டு லாரியைத் தாண்டி எட்டிப் பார்த்தார். அடுத்த நொடி போன் அவர் காதில் இருந்தது. மறுகையில் சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டார். போனில் இரண்டே வரி பேசினார். அவர் பார்க்காமல் பூட்டுகிறவர் இல்லை. ஆனால் மெத்தை லாரி அன்று நின்ற இடத்தில் நின்றால், அதற்குப் பின்னால் ஒரு வண்டி இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

போனை வைத்ததும் முதல் கேள்வி வண்டியைப் பற்றி இல்லை. "ஆளுங்க எல்லாம் எறங்கிட்டாங்களா?"

"ஏழு பேரு. எறங்கிட்டாங்க."

"எங்க நிக்கிறாங்க?"

திரும்பிப் பார்த்தேன். கேட்டை ஒட்டியே, ரயில் போகிற திசையில் கும்பலாக நின்றிருந்தார்கள். அவர் கேபினை விட்டு இறங்கி வந்து கையை வீசினார். "இந்தப் பக்கம் நிக்காதீங்க. இடிச்சா வண்டி பறந்து வந்து விழுற பக்கம் இது. ட்ரெயின் வர்ற பக்கமா, தண்டவாளத்த விட்டு நல்லா தள்ளிப் போங்க." எனக்கு அது அதுவரை தெரியாது. இடித்தால் உடைசல் எல்லாம் ரயில் போகிற பக்கம்தான் பறக்குமாம். வருகிற பக்கத்தில் தள்ளி நின்றால் நம்மேல் விழாது. ஏழு பேரும் இடம் மாறினார்கள். குழந்தையை இப்போது செக்யூரிட்டி சார் தூக்கியிருந்தார்.

தூரத்தில் ரயில் தெரிந்தது. முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பெரிதாகவில்லை. அதே அளவில் நின்றது. சிவப்பு சிக்னலில் நிற்கிறது. ஒரு விளக்கு பெரிதாகாமல் இருப்பதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

"இப்போ எடுக்கலாம். நான் விடச் சொன்னாத்தான் அது வரும்" என்றார் கேட் கீப்பர். கேட்டை மறுபடி தூக்கினார்.

தூக்கினால் என்ன ஆகும்? எங்கள் ஊர் பைக்குகள் அந்த இடைவெளியில் பாய்ந்து, நான் வெளியே வர வேண்டிய வழியை அடைத்துவிட்டன. நான் அவர்களைப் பார்த்து வாயைத் திறந்தேன். பழைய ஊமைக் குரல் திரும்பி வந்துவிட்டது, சத்தமே வரவில்லை. அதற்குள் மீன்கார அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஹெல்மெட் போட்ட ஒரு பைக்காரருக்கு எதிரே நடுரோட்டில் போய் நின்றார்.

"யோவ் எல்மட்டு, எங்க போற? கண்ணு பின்னால கீதா? வண்டி மாட்டிகினு கீது தெர்ல? நவுறு. ட்ரெயினே நிக்கிது, உன் வண்டிக்கு நிக்கத் தெர்லயா? நவுறு சொல்றேன், மீன் தண்ணிய மூஞ்சில ஊத்திடுவேன்."

பைக்குகள் பின்வாங்கின. மெத்தை லாரிகூடக் கொஞ்சம் பின்னால் போனது. என் வண்டிக்கு வேண்டிய இடம் காலியாகத் தெரிந்தது. அந்த இடத்துக்காகத்தான் நான் வருஷக்கணக்காகக் காத்து நின்று திட்டு வாங்கியிருக்கிறேன்.

டீசல் வண்டி இன்ஜின் பிடிக்காவிட்டாலும், முதல் கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டாரே சக்கரத்தை இழுக்கும். பேட்டரிக்குக் கெடுதல். எல்லா வண்டியிலும் நடக்காது. என் பழைய வண்டியில் நடக்கும். ஏறி உட்கார்ந்து திருப்பினேன். வண்டி ஒரு குதி குதித்து முன்னால் போய் நின்றது. மறுபடி திருப்பினேன். இன்னொரு குதி. செக்யூரிட்டி சார் குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வர, பின்னால் அந்த மூன்று பேரும் தள்ளினார்கள். தவளைபோலக் குதித்துக் குதித்து, முன்சக்கரம் இறங்கி, பின்சக்கரம் தண்டவாளத்தைத் தாண்டி, கேட்டுக்கு வெளியே போய் ஓரமாக நின்றது. சீலா மீன் எல்லாம் குலுங்கி, இரண்டு மீன் சீட்டில் வந்து உட்கார்ந்திருந்தது.

கேட் மூடியது. கேட் கீப்பர் தண்டவாளத்தை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை பார்த்தார். பூட்டினார். போனில் பேசினார். கொஞ்ச நேரத்தில் ரயில் வந்தது. ஆபீஸ் நேரத்து ரயில், வாசல் நிறைய ஆட்கள். ஒருவர் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு என்னை வெறுமனே பார்த்துக்கொண்டே போனார். அத்தனை பேருக்கும் அன்று நடந்ததெல்லாம் வேலைக்குச் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். நான் ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பெட்டியும் போகும்வரை பார்த்தேன்.

மீன்கார அக்காவிடம் போய், "மன்னிச்சிக்கங்க அக்கா, அப்டி பேசிட்டேன்" என்றேன்.

"இன்னா பேசின?"

"எறங்குடின்னுட்டேன்."

"என் வூட்டுக்காரரே என்ன அப்டி சொன்னதில்ல" என்றார். பிறகு பெண்களைப் பார்த்துத் திரும்பி, "ஊமைக்கு வாயி வந்த மொத நாளு, என்னியதான் திட்னான். பெருமதான்" என்றார். சீட்டில் கிடந்த இரண்டு மீனையும் ஒரு பையில் போட்டு என் மடியில் வைத்தார். "வூட்ல குடு. கொயம்பு வெக்க சொல்லு."

அன்று மதியம், டீசல் ஊற்றிக் குழாயில் இருந்த காற்றை எடுத்த பிறகு, தண்டவாளத்தைத் தாண்டும்போது கேட் கீப்பரைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். "நீங்க முதல்ல என்கிட்ட ஓடி வந்தீங்க பாருங்க, அதான்" என்று ஒருநாள் சொன்னார். "எல்லாரும் முதல்ல வண்டியத்தான் தள்ளுவாங்க. தள்ளி முடியாதப்போதான் எங்க ஞாபகம் வரும்."

இப்போது என் டேங்க் பாதிக்குக் கீழே போவதில்லை. முந்தின சாயங்காலமே போட்டுவிடுகிறேன். ஸ்டாண்டில் இன்னும் நாலைந்து பேர் அப்படிச் செய்கிறார்கள். அந்தப் பழக்கம் மட்டும் மாறவில்லை. எதிர்ப்பக்கம் இடம் தெரியாமல் தண்டவாளத்தில் ஏறுவதில்லை. ஆரனும் நிற்கவில்லை. ஆனால் என் காது சூடாவது நின்றுவிட்டது.

நேற்றுக் காலை கேட் தூக்கினார்கள். அந்தப் பக்கம் இடம் இல்லை. நான் நின்றேன். பின்னால் ஒருவர் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. மீன்கார அக்கா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"இன்னாத்துக்கு அடிக்கிற? வண்டி ரிப்பேர் இல்ல. டிரைவரு வேணும்னுதான் நிக்கிறாரு. வேணும்னா நீ போயி தண்டவாளத்துல குந்திக்கோ."

ஆரன் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். என் பின்னால் ஸ்டாண்டு வண்டிகள் மூன்று, ஒன்றன்பின் ஒன்றாக, வலதுபக்கம் பிதுங்காமல் நின்றிருந்தன. "ரோட்ட உன் பேர்ல எழுதிகினியா" என்று என்னைக் கேட்டவர்தான் அதில் முதலாவதாக நின்றார். எதிர்ப்பக்கம் வழி விட்டது. தண்டவாளத்தின் மேல் ஒரு வண்டியும் இல்லை. நான் இரண்டாம் கியரில் ஒரே மூச்சில் தாண்டினேன். கேபின் பக்கம் தலையை ஆட்டினேன். பின்னால் வந்த மூன்று பேரும் ஆட்டியதாகக் கேட் கீப்பர் சாயங்காலம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து மகளின் பழைய நோட்டில் காலியாக இருந்த பக்கங்களைக் கேட்டு வாங்கினேன். எழுதி முடிக்க இன்று மதியம் ஆகிவிட்டது.

11 ஆகஸ்டு 2024, ஞாயிற்றுக்கிழமை.